முதியோர் இலையில் குறைவது யாது?

தை மாதத்து டில்லி வெயிலைப் போல் இதமானது வேறொன்றில்லை. காலை பத்து மணி கழிந்து பனிமூட்டம் சற்றே விலகியதும், ராமகிருஷ்ணபுரத்திலும் ஜனக்புரியிலும் மயூர் விஹாரிலும் நம்மவர் வாழும் குடியிருப்புகளின் பூங்காக்களில் பெரியோர் ஒவ்வொருவராக வந்து அமர்கின்றனர். இளமையில் சர்க்கார் உத்தியோகத்துக்கென்று வந்து, இங்கேயே நரை கண்டவர் சிலர். கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் காரைக்குடியிலும் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு, மகனையோ மகளையோ நம்பி வந்து சேர்ந்தவர் பலர். பேச்சு ஊரைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் சுற்றிவந்து, கடைசியில் உணவில் வந்து நிற்கும். "எனக்கென்ன, வயதாகிவிட்டது! இரண்டு கரண்டி ரசம் சாதம், கொஞ்சம் மோர். அதற்கு மேல் எதற்கு?" என்று ஒருவர் சொல்வார்; மற்றவர் தலையசைப்பர். அப்படிச் சொல்லும் குரலில் ஒரு பெருமிதம் கலந்திருப்பதை நாம் பலமுறை கவனித்திருக்கிறோம்.

அந்தப் பெருமிதம் சரிதானா என்று ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கம்.

ஓர் இல்லத்தில் நேர்ந்தது

நமக்கு நன்கு பழக்கமான ஓர் இல்லம். மூன்றாம் மாடி. மகனும் மருமகளும் காலை எட்டரை மணிக்கெல்லாம் அலுவலகம் புறப்பட்டுவிடுவர். பேரன் பள்ளிக்குச் சென்றுவிடுவான். எழுபத்து நான்கு வயதுத் தாயார் மாலை வரை தனியே. மருமகள் குறை வைக்கவில்லை. சாதம், குழம்பு, கறி எல்லாவற்றையும் சூடு ஆறாத பாத்திரத்தில் அடைத்து மேஜைமேல் வைத்துவிட்டே கிளம்புவாள். மாலையில் வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கும். அம்மா நன்றாகச் சாப்பிடுகிறார் என்று அனைவரும் நிம்மதியாக இருந்தனர்.

ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார்; தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது 43 கிலோ இருந்தது. ஊரிலிருந்து வந்த புதிதில் 52 கிலோ இருந்ததாக மகனுக்கு நினைவு. இரண்டே ஆண்டுகளில் ஒன்பது கிலோ கரைந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்தும் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. புடவை மறைத்துவிட்டது. "அம்மா தினமும் என்ன உண்கிறார்?" என்று டாக்டர் வினவியபோது விடை சொல்லத் தெரியாமல் மகன் விழித்தார்.

பிறகு அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவர் மூலமே உண்மை வெளிவந்தது. நண்பகலில் அம்மையார் இரண்டு பிடி மோர் சாதம் மட்டும் உண்டுவிட்டு, எஞ்சியதைப் பால்கனியில் வந்து அமரும் புறாக்களுக்கு வைத்துவிடுவாராம். "தனியாக உட்கார்ந்து சாப்பிட இறங்கவில்லை, மீதி வைத்தால் அவள் வருத்தப்படுவாளே" என்று பின்னர் அவரே நம்மிடம் கூறினார். பல் இரண்டு புறமும் போய்விட்டதால் கறியை மெல்ல இயலவில்லை. இரவில் அடிக்கடி எழ வேண்டியிருக்குமே என்று மாலைக்குப் பின் தண்ணீரும் அருந்துவதில்லை. பால், "குழந்தைக்கு இருக்கட்டும்" என்று ஒதுக்கப்பட்டது.

இவற்றுள் ஒன்றேனும் நம் இல்லங்களில் நடவாதது என்று நம்மில் எவரும் துணிந்து கூற இயலுமா?

பாதி உண்மை

வயது ஏற ஏற உணவு குறைய வேண்டும் என்பது நம்மவரிடையே வேரூன்றிய கொள்கை. வள்ளுவரே குறைத்து உண்ணச் சொல்லியிருக்கிறார் என்று மேற்கோள் காட்டுவோரும் உண்டு. 'மருந்து' என்று தலைப்பிட்ட அதிகாரத்தில் அவர் பெரும்பாலும் உண்ணும் முறையையே பேசுகிறார் என்பது மெய். முன் உண்டது செரித்த பின் அளவறிந்து உண்க என்பதும் மெய். ஆனால் அந்த அதிகாரம் தொடங்கும்போதே, மிகுதியும் நோய் செய்யும், குறைவும் நோய் செய்யும் என்றல்லவா அவர் தொடங்குகிறார்? பரிமேலழகர் அதனை உணவுக்கும் செயலுக்கும் பொருத்தி உரை கண்டார். மிகுதியைப் பற்றிய எச்சரிக்கையை நாம் நினைவில் வைத்துக்கொண்டோம். குறைவைப் பற்றியதை மறந்துவிட்டோம்.

இன்றைய விஞ்ஞானமும் இரண்டையும் சேர்த்தே கூறுகிறது. முதுமையில் நடமாட்டம் குறைகிறது, தசையும் குறைகிறது, எனவே உடலை இயக்க வேண்டிய கலோரி முன்போல் தேவைப்படுவதில்லை. இந்த அளவில் பழைய கொள்கை சரியே. ஆனால் புரதம், சுண்ணாம்புச் சத்து, வைட்டமின்கள் ஆகியவற்றின் தேவை குறைவதில்லை. சிலவற்றில் கூடவே செய்கிறது. நாற்பது வயதுக்குப் பின் தசை சிறிது சிறிதாகக் கரையத் தொடங்கி, அறுபதுக்கு மேல் அதன் வேகம் மிகுகிறது. தசை கரைந்தவர் நாற்காலியிலிருந்து எழும்போது தடுமாறுகிறார், தடுமாறுபவர் விழுகிறார், விழுந்தவருக்கு எலும்பில் வலுவில்லையேல் முறிகிறது, முறிந்தவர் படுக்கையில் கிடக்க, எஞ்சிய தசையும் கரைகிறது. ஆகவே முதியோர் உணவு என்பது நாவின் விருப்பத்தைப் பற்றியதன்று. தம் காலில் தாமே நடப்பதைப் பற்றியது.

மத்திய அரசின் ஆதரவில் 2017-18-ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் நடந்த முதுமை ஆய்வில், அறுபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 27 பேர் எடை குன்றியவராகவும், 22 பேர் எடை மிகுந்தவராகவும் காணப்பட்டனர். பெருத்தவரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மெலிந்தவரைப் பார்த்து, "என்ன கட்டான தேகம், வியாதியே இல்லை" என்று மெச்சிவிட்டுப் போய்விடுகிறோம்.

குன்னூர் எலிகள் சொன்ன பாடம்

நம் நாட்டில் உணவு ஆராய்ச்சி தொடங்கிய கதை தமிழ் மண்ணிலேயே தொடங்குகிறது. தீட்டிய வெள்ளரிசியை நம்பி வாழ்வோரைப் பற்றும் பெரிபெரி என்னும் நோயை ஆராய்வதற்காக, 1918-இல் நீலகிரியில் உள்ள குன்னூரில், பாஸ்டர் ஸ்தாபனத்தின் ஓர் அறையில், சர் ராபர்ட் மக்காரிஸன் என்ற அயர்லாந்து டாக்டர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்தச் சிறிய அறையே வளர்ந்து பெருகி, 1958-இல் ஹைதராபாத்துக்குச் சென்று, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகிறது.

மக்காரிஸன் செய்த சோதனை ஒன்று டில்லித் தமிழர் அனைவரும் அறியத்தக்கது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை இளம் எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகளின் சராசரி எடை 235 கிராம். சென்னை மாகாணத்தார் உணவை உண்டவற்றின் எடை 155 கிராம். பட்டியலில் முதலில் நின்றது பஞ்சாப்; கடைசியில் நின்றது நம் ஊர்.

இதைக் கேட்டதும், "அரிசியை விட்டுக் கோதுமைக்கு மாறுவதே வழி" என்று சிலர் முடிவு கட்டக்கூடும். அவ்வளவு எளிதன்று. எலியும் மனிதரும் ஒன்றல்லர். வளரும் பிராணியின் தேவை வேறு, முதியவர் தேவை வேறு. அன்றியும், சீக்கியர் உணவின் சிறப்பு கோதுமையோடு முடிவதில்லை. தவிடு நீக்காத கோதுமை ரொட்டியுடன் பாலும் தயிரும் வெண்ணெயும் இருந்தன, பருப்பு இருந்தது, பச்சைக் கீரையும் காயும் பழமும் இருந்தன, எப்போதேனும் மாமிசமும் இருந்தது. நம் உணவிலோ தீட்டிக் கழுவிய அரிசியே பெரும்பங்கு. மற்றவையெல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ளும் அளவே. குற்றம் அரிசியைச் சார்ந்ததன்று. அரிசியைத் தனியே விட்ட நம்மைச் சார்ந்தது. புழுங்கலரிசியில் 'பி' வைட்டமின் வெள்ளரிசியைவிட மிகுதியாகத் தங்குகிறது என்பதும் அக்காலத்து ஆராய்ச்சி உலகுக்கு உணர்த்திய உண்மை. நம் முன்னோர் நெல்லை அவித்தது வீண்போகவில்லை.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் வழிவந்தவருள் தமிழர் ஒருவர் தனித்து நிற்கிறார். 1918-இல், அதாவது ஆராய்ச்சி பிறந்த அதே ஆண்டில், சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் ஹைதராபாத் நிறுவனத்தின் தலைவராக விளங்கினார். பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பேற்று நம் தலைநகருக்கு வந்தார். 1980-இல் இங்கேயே இந்திய உணவூட்ட அறக்கட்டளையை நிறுவினார். எந்தப் பண்டத்தில் எந்தச் சத்து எவ்வளவு என்று அவரும் தோழர்களும் தொகுத்த அட்டவணையே இந் நாட்டு மாணவர் பலருக்குப் பாலபாடமாயிற்று. நூறாண்டு நிறைவு கண்டு 2019-இல் அவர் மறைந்தார்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

அத்தகைய அட்டவணைகளின் துணைகொண்டு, நாம் மேலே குறிப்பிட்ட அம்மையாரின் ஒரு நாள் உணவைக் கணக்கிடுவோம். காலையில் இரண்டு இட்லி. இரு வேளைக் காப்பியில் சேர்ந்த சிறிது பால். நண்பகல் ஒரு கிண்ணம் சாதம், ரசம். இரவில் மோர் சாதம். எல்லாம் சேர்ந்து புரதம் ஏறக்குறைய 25 கிராமை எட்டினாலே அதிகம்.

தேவை எவ்வளவு? வயது வந்தோர்க்கு எடையில் கிலோ ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்தது. முதியோர்க்கு இது போதாது, ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது உலக நிபுணர் பலருடைய கருத்து. எனவே 50 கிலோ எடையுள்ள முதியவர்க்கு 50 கிராம் என்று கொள்வோம். அம்மையார் உண்டது இதில் பாதி.

மீதிப் பாதியைச் சேர்ப்பது கடினமா? இல்லவே இல்லை. நண்பகலில் கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், அதாவது 30 கிராம் துவரம்பருப்போ பாசிப்பருப்போ வேகவைத்தது, சுமார் 7 கிராம் தரும். மாலையில் நன்கு குழைய வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு சிறு கிண்ணம் 6 கிராம். படுக்குமுன் ஒரு தம்ளர் பால் 6 கிராமுக்கு மேல். கூடுதலாக ஒரு கிண்ணம் தயிர் 3 கிராம். இவற்றுடன் வாரத்தில் சில நாள் 50 கிராம் பனீரோ, முட்டை உண்ணும் இல்லங்களில் ஒரு முட்டையோ, மீன் உண்ணும் இல்லங்களில் ஒரு துண்டு மீனோ சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். இதனை ஒரே வேளையில் அடைத்துவிடாமல் மூன்று வேளைக்கும் பங்கிட்டு அளிப்பது நன்று.

இத்தனையும் சேர்த்தால் வயிறு தாங்குமா என்று கேட்கலாம். தாங்கும், சாதத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும், அவ்வளவே. சாதம் ஒரு பங்கு, பருப்பும் தயிரும் ஒரு பங்கு, கீரையும் காயும் இரண்டு பங்கு என்று இலையில் இடம் மாறினால் போதும். கல்யாண விருந்தில் நாம் செய்வதும் ஏறக்குறைய இதுதானே? அன்று ஓரத்தில் பலவகை நிறைந்திருக்க, சாதம் நடுவில் அளவோடு விழுகிறது. தனியே உண்ணும் நாளில்தான் சாதம் மலையாகவும் துணை துளியாகவும் ஆகிவிடுகின்றன.

டில்லிச் சந்தை தருவன

"ஊரில் கிடைக்கும் கீரை இங்கே ஏது?" என்பது பெரியோர் பலருடைய ஏக்கம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனால் முருங்கைக்காயும் சேனையும் வாழைப்பூவும் கிடைக்கின்றன. ஆனால் அன்றாடம் அவ்வளவு தூரம் செல்ல யாரால் இயலும்? வீட்டு வாசலுக்கு வரும் தள்ளுவண்டியிலேயே நம் பண்டங்கள் வேறு பெயர் பூண்டு வருகின்றன என்பதை உணர்ந்தால் ஏக்கம் தீரும்.

குளிர்காலத்தில் 'பதுவா' என்று கூவி விற்கப்படுவது நம் சக்கரவர்த்திக் கீரையே. 'மேத்தி' வெந்தயக்கீரை, 'சர்ஸோன்' கடுகுக்கீரை, கோடையில் வரும் 'சௌலாய்' நம் தண்டுக்கீரையின் இனம். பதுவாவைப் பாசிப்பருப்புடன் மசித்துத் தேங்காய் அரைத்துவிட்டால், அது டில்லிக் கீரை என்று நாக்குக்குத் தெரியாது. 'பாஜ்ரா' நம் கம்பு. பஞ்சாபியரும் ராஜஸ்தானியரும் குளிருக்கென்று ரொட்டி தட்டும் அதே மாவில் நாம் கூழோ கஞ்சியோ காய்ச்சலாம். கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியிலோ அது மிகச் சொற்பம். கேழ்வரகுக் கஞ்சியைப் பால் விட்டு அருந்தினால் எலும்புக்கு இருமடங்கு நன்மை. லோஹ்ரிப் பண்டிகையை ஒட்டித் தெருவெங்கும் குவியும் எள்ளுப் பலகாரங்களும் சுண்ணாம்புச் சத்து மிகுந்தவையே. வெல்லம் மிகுதி என்பதால் நீரிழிவு உள்ளோர் மட்டும் விலக வேண்டும். நெல்லிக்காயும் கொய்யாவும் குளிர்காலம் முழுதும் மலிவு. கொய்யாவைக் கடிக்க இயலாதவர் நன்கு கனிந்ததை மசித்து, விதை வடித்து உண்ணலாம்.

கோடையில் சுரைக்காயும் பீர்க்கங்காயும் எளிதில் செரிப்பவை. பீகார் மக்கள் விரும்பி அருந்தும் 'சத்து' என்பது வறுத்த கடலையின் மாவு. இரண்டு பெரிய கரண்டி மாவை நீர்மோரில் கலந்து, சீரகமும் பெருங்காயமும் இட்டு அருந்தினால் ஏறக்குறைய 6 கிராம் புரதம். பல்லுக்கு வேலையே இல்லை. ஆனியிலும் ஆடியிலும் புது டில்லிச் சாலைகளின் நாவல் மரங்கள் பழம் உதிர்க்கும்போது, நம் பெரியோர்க்கு ஊர் நினைவு வராமல் இராது.

வடநாட்டுச் சமையலறையிலிருந்து நாம் ஏற்கத்தக்கவை இவை. கைவிடத் தேவையற்றவை நம் இட்லியும் பொங்கலும் கூட்டும். உளுந்தும் அரிசியும் சேர்ந்து புளித்து ஆவியில் வெந்த இட்லியைப் போல் முதியோர்க்கு ஏற்ற உணவு அரிது; சாம்பாரில் பருப்பு மட்டும் கெட்டியாக இருக்கட்டும். காய்ந்த ரொட்டி, பல் இல்லாதவர்க்குத் தண்டனை. ரொட்டி வேண்டுமானால் சூடான பருப்பில் ஊறவைத்துக் கொடுக்கலாம்.

பல்லும் தாகமும் வெயிலும்

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பது பழமொழி. நொறுக்கப் பல் வேண்டுமே! பொய்ப்பல் தளர்ந்துவிட்டது, ஈறு புண்ணாகிவிட்டது என்பதற்காகவே உணவைச் சுருக்கிக்கொண்டோர் எண்ணற்றோர். கண்ணுக்குக் கண்ணாடி வாங்கித் தரும் பிள்ளைகள் பல்லை மறந்துவிடுகின்றனர். பல் வைத்தியரிடம் ஒரு முறை அழைத்துச் செல்வது, பத்து டானிக் சீசாக்கள் வாங்குவதைவிட மேல். உண்ணும்போது அடிக்கடி புரையேறுமானால் அதனை டாக்டரிடம் தெரிவித்தல் அவசியம்.

முதுமையில் தாக உணர்ச்சி மங்கிவிடுகிறது. டில்லிக் குளிரில் தண்ணீரே நினைவுக்கு வருவதில்லை. கோடையில் அனல்காற்று உடம்பின் நீரை உறிஞ்சிவிடுகிறது. நீர் குறைந்தால் மலச்சிக்கலும் மயக்கமும் மனக்குழப்பமும் தோன்றும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், குளிர்காலத்தில் வெந்நீரும் சீரகத் தண்ணீரும், கோடையில் நீர்மோரும் பானகமும், இவ்வூரார் அருந்தும் வில்வப்பழச் சாறும், பொழுது குறித்து அருந்த வேண்டும். இரவில் எழ அஞ்சுவோர் மாலை ஆறு மணிக்குள் பெரும்பகுதியை அருந்திவிடலாம். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்க்கு மட்டும் நீரின் அளவை டாக்டரே வரையறுப்பார்.

அடுத்தது வெயில். ஆரோக்கியமாகத் தோன்றிய டில்லிவாசிகளிடம்கூட 'டி' வைட்டமின் பெரிதும் குறைந்திருந்ததை 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று எடுத்துக்காட்டியது. இது குறைந்தால், உண்ட சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. பூங்காவில் சால்வையால் முழுதும் போர்த்துக்கொண்டு அமர்ந்தாலும், கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னே அமர்ந்தாலும் வெயிலின் இப் பயன் கிட்டாது. நண்பகலை ஒட்டிய நேரத்தில் கையும் காலும் சிறிது வெயில்பட அமர வேண்டும். புகைமூட்டம் அடர்ந்த நாட்களில் வெளியே செல்லலாகாது. ஆகையால் டாக்டர் சோதித்து மருந்தாகவே தரும்படி நேரலாம்.

சில எச்சரிக்கைகள்

சைவ உணவினர் கவனிக்க வேண்டியது 'பி 12' என்னும் வைட்டமின். தாவரங்களில் இது இல்லை. பால், தயிர், முட்டை, மாமிசம் ஆகியவற்றிலேயே உண்டு. முதுமையில் இரைப்பையின் அமிலம் குறைவதாலும், நீரிழிவுக்குப் பலர் உட்கொள்ளும் மெட்பார்மின் மாத்திரையாலும் இது உடலில் சேர்வது தடைப்படும். கால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், மறதி ஆகியவற்றை "வயதின் கோளாறு" என்று தள்ளிவிடாமல் ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது நன்று. காலத்தே கண்டால் தீர்க்கக்கூடிய குறை இது.

உப்பு எவ்வகையிலும் நாளுக்கு 5 கிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. சாதம் இறங்குவதற்கென்று ஊறுகாயையும் அப்பளத்தையும் வடாத்தையும் நம்பியிருப்போர்க்கு இந்த அளவு எப்போதோ மீறியிருக்கும். எலுமிச்சையும் கொத்தமல்லியும் சீரகமும் மிளகும் உப்பின் வேலையில் பாதியைச் செய்யும்.

காப்பியை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லப்போவதில்லை; சொன்னாலும் கேட்பவர் யார்? உணவோடு சேர்த்து அருந்தினால் இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் காப்பியும் தேநீரும் தடுக்கின்றன. எனவே ஒரு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். மாலை நான்கு மணிக்குப் பின் அருந்தாதிருந்தால் உறக்கமும் வாய்க்கும். பசிக்கும் நேரத்தில் காப்பியைக் குடித்துப் பசியை அடக்கும் வழக்கம் ஒன்றே விலக்கத்தக்கது.

நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்வோர் ஏகாதசி, சஷ்டி என்று வேளை தவறவிடுவது ஆபத்து. சர்க்கரை அளவு திடீரென இறங்கி மயக்கம் உண்டாகலாம். விரதம் இருந்தே தீர வேண்டுமெனில் டாக்டரைக் கலந்துகொண்டு, பாலும் பழமும் வேளைக்கு உண்டு இருக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளோர் புரதத்தைக் கூட்டுவதற்குமுன் டாக்டரின் அனுமதி பெற வேண்டும். நம் நகரின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் முதியோர் மருத்துவத்துக்கென்றே தனித் துறை இயங்கிவருவதையும் நினைவில் கொள்க.

யாருடன் உண்பது?

இவ்வளவும் சொல்லிய பின்னும் முதன்மையானதொன்று எஞ்சி நிற்கிறது. அந்த அம்மையாரின் இலையில் குறைந்தது பருப்பும் பாலும் மட்டுமல்ல. எதிரே அமர்ந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் குரலும்கூட. ஊரில் இருந்தவரை திண்ணையும் அண்டை அயலாரும் அந்தக் குறையை நிரப்பினர். மூன்றாம் மாடிக் கதவுக்குப் பின்னே அவர்கள் இல்லை.

பிள்ளைகள் உத்தியோகத்தை விட்டுவிட்டு வீட்டில் அமர இயலாது. இயலக்கூடியவை சில உண்டு. நாளில் ஒரு வேளையேனும், பெரும்பாலும் இரவு உணவை, பெரியோருடன் அமர்ந்து உண்பது. அவர்கள் பொருட்டு அதனை ஏழரை மணிக்கே வைத்துக்கொள்வது. ஒரே குடியிருப்பில் தனித்திருக்கும் பெரியோர் இருவர் மூவர், வாரத்தில் சில நாட்களேனும் முறைவைத்து ஒருவர் வீட்டில் கூடி நண்பகல் உணவு உண்பது. மாதப் பிறப்பன்று எடை பார்த்து நாட்காட்டியில் குறித்து வைப்பது. முயலாமலே ஆறு மாதத்தில் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 50 கிலோவில் இரண்டரைக் கிலோ, குறைந்தால் டாக்டரிடம் செல்ல வேண்டும். உணவு மட்டும் தசையை வளர்க்காது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வதைக் காலையும் மாலையும் பத்து முறை, அருகில் ஒருவர் துணையிருக்கச் செய்தல் நலம்.

பெரியோர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்குச் சுமையாக இருக்கலாகாது என்றே நீங்கள் உங்கள் உணவைச் சுருக்குகிறீர்கள். அந்த எண்ணத்தை நாம் வணங்குகிறோம். ஆயினும் எண்ணிப் பாருங்கள்: நீங்கள் அருந்தும் ஒரு தம்ளர் பால் எவர்க்கும் சுமையாகாது; நீங்கள் விழுந்து படுக்கையில் கிடக்க நேர்ந்தால் அதுவே அனைவர்க்கும் துயரமாகும். வயிறார உண்டு நடமாடுவதே பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யும் உதவி.

அந்த அம்மையார் இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். பொய்ப்பல் கட்டியாயிற்று. பள்ளியிலிருந்து திரும்பும் பேரனுக்காக இரண்டரை மணி வரை காத்திருந்து, அவனோடு அமர்ந்து பருப்பு சாதமும் கீரையும் உண்கிறார். எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. சென்ற வாரம் நாம் சென்றிருந்தபோது பால்கனியில் புறாக்கள் வழக்கம்போல் வந்து அமர்ந்திருந்தன. "அவற்றுக்கு இப்போது நொய்யரிசி வாங்கிப் போடுகிறேன்" என்றார் அம்மையார்.

அடுத்த முறை பூங்காவில் யாரேனும் "எனக்கென்ன, இரண்டு கரண்டி ரசம் சாதம்" என்று கூறக் கேட்டால், வாசகர்கள் தலையசைத்துவிட்டு வந்துவிட வேண்டாம். "உடன் என்ன சாப்பிட்டீர்கள்? யாருடன் சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள்.